அத்தியாயம் 5: கம்பெனி போடும் பங்கும் உங்கள் சம்பளம்தான்

சம்பளச் சீட்டை வாங்கியதும் நம் கண் போவது பிடித்தம் பக்கம். பி.எஃப். என்று எழுதி ஒரு தொகையைக் கழித்திருப்பார்கள். அது நம் பங்கு. அதே மாதம் நம் பெயரில் கம்பெனியும் ஒரு தொகை கட்டியாக வேண்டும். பெரும்பாலான சம்பளச் சீட்டுகளில் அந்தத் தொகை தென்படாது. கண்ணில் படாததால் அதைப் பற்றிக் கேட்பவர்களும் குறைவு.

அந்தப் பணம் முதலாளி மனமிரங்கித் தருவதல்ல. நீங்கள் செய்த வேலைக்கான கூலியில் ஒரு பகுதியை உங்கள் முதுமைக்காக ஒதுக்கிவைக்கச் சட்டம் இட்டிருக்கும் கட்டளை அது. அது எவ்வளவு, எந்தெந்தக் கணக்குக்குப் போகிறது, எங்கே குறையக்கூடும், குறைந்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் இந்த அத்தியாயம் கணக்குப் போட்டுக் காட்டுகிறது. பேனாவும் உங்கள் சம்பளச் சீட்டும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

யாருக்குப் பொருந்தும்?

தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1952ஆம் ஆண்டு வந்தது. வைப்பு நிதித் திட்டம் அதே ஆண்டிலும், காப்பீட்டுத் திட்டம் 1976இலும், ஓய்வூதியத் திட்டம் 1995இலும் நடைமுறைக்கு வந்தன. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது. இங்கே வரும் கணக்குகள் எல்லாம் மேற்சொன்ன மூன்று திட்டங்களின் விகிதப்படி போடப்பட்டவை.

20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் பி.எஃப். வரம்புக்குள் வரும். ஒருமுறை வரம்புக்குள் வந்துவிட்டால், பிறகு ஆள் எண்ணிக்கை 20க்குக் கீழே இறங்கினாலும் பொறுப்பு நீங்காது. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து மாதம் 15,000 ரூபாய் வரை வாங்குபவரைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். முதல் வேலையிலேயே அதற்கு மேல் வாங்குபவர், தானும் நிறுவனமும் சம்மதித்தால் சேரலாம். ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவரைச் சம்பளம் உயர்ந்ததைக் காரணம் காட்டி நிறுத்த முடியாது.

வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே இந்த உரிமை உண்டு. “ஆறு மாதம் போகட்டும், பெர்மனென்ட் ஆனதும் பி.எஃப். போடுகிறோம்” என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை. காண்ட்ராக்டர் வழியாக வந்தவருக்கும் இதே உரிமைதான். காண்ட்ராக்டர் கட்டாமல் விட்டால், வேலை வாங்கிய முதன்மை நிறுவனம் கட்ட வேண்டும். தொழிற்பழகுநர் சட்டப்படி முறையாகச் சேர்க்கப்பட்டவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் மற்றவர்களைப் போலவே முழு ஷிப்ட் மெஷினில் நிற்பவரை ‘ட்ரெயினி’ என்று அழைப்பதால் மட்டும் அந்த விலக்கு கிடைத்துவிடாது.

12 சதவீதம் எங்கே போகிறது?

தொழிலாளி 12%, முதலாளி 12% என்பது பொது விதி. பீடி, செங்கல் சூளை, கயிறு, சணல் போன்ற சில தொழில்களில் இரு தரப்புக்கும் 10%. உங்கள் 12 சதவீதம் அப்படியே உங்கள் பி.எஃப். கணக்கில் சேர்கிறது. முதலாளியின் 12 சதவீதம் இரண்டாகப் பிரிகிறது:

- 8.33% ஓய்வூதிய நிதிக்கு. இதற்கான சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். அதனால் மாதம் அதிகபட்சம் 1,250 ரூபாய்.
- மீதி உங்கள் பி.எஃப். கணக்கிற்கு. 15,000 ரூபாய் வரையிலான சம்பளத்தில் இது 3.67%.

இவை போக, காப்பீட்டுக்கு 0.5%, நிர்வாகச் செலவுக்கு 0.5% ஆகியவற்றையும் முதலாளி தனியாகக் கட்ட வேண்டும். ஓய்வூதிய நிதிக்கு மத்திய அரசும் தன் பங்காக 1.16% போடுகிறது.

இதைத் தெரிந்துகொண்டால் ஒரு பெரிய சந்தேகம் தீரும். பாஸ்புக்கைத் திறந்து பார்ப்பவர்கள், “என் பங்கு 1,680 இருக்கிறது, கம்பெனி பங்கு 514தான் இருக்கிறது, ஏமாற்றிவிட்டார்களே” என்று பதறுவது உண்டு. பாஸ்புக்கில் ஓய்வூதியப் பங்களிப்பு என்று மூன்றாவதாக ஒரு பத்தி இருக்கும். மீதி அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டையும் கூட்டினால் உங்கள் பங்குக்குச் சமமாக வர வேண்டும். வந்தால் கணக்கு சரி.

மூன்று பேர், மூன்று கணக்கு

முதல் கணக்கு: பின்னலாடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவர். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 14,000 ரூபாய். அவர் பங்கு 1,680. முதலாளி பங்கும் 1,680. அதில் ஓய்வூதியத்துக்கு 1,166, பி.எஃப்.க்கு 514. ஆக, மாதம் 2,194 ரூபாய் பி.எஃப். கணக்கில் ஏறும். இதற்கு ஆண்டுதோறும் அறிவிக்கப்படும் வட்டி சேரும். 2023-24, 2024-25 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கும் அது 8.25%. மாத இருப்பை வைத்துக் கணக்கிட்டு ஆண்டு முடிந்ததும் வரவு வைப்பார்கள்.

இரண்டாவது கணக்கு: சம்பளம் 25,000 ரூபாய், 2014க்கு முன்பிருந்தே உறுப்பினர். நிறுவனம் முழுச் சம்பளத்துக்கும் கட்டினால், இரு தரப்பும் 3,000. முதலாளியின் 3,000இல் 1,250 ஓய்வூதியத்துக்கு, 1,750 பி.எஃப்.க்கு. நிறுவனம் 15,000 என்ற வரம்போடு நிறுத்திக்கொண்டால் இரு தரப்பும் 1,800. அதில் ஓய்வூதியம் 1,250, பி.எஃப். 550. இரண்டுமே சட்டப்படி சரி. ஆனால் உங்கள் கணக்கில் ஏறும் முதலாளி பங்கு மாதம் 1,200 ரூபாய் வேறுபடுகிறது. வேலை மாறும்போது “பி.எஃப். முழு பேசிக்குக்கா, பதினைந்தாயிரத்துக்கா?” என்று கேட்பது அதனால்தான் முக்கியம்.

மூன்றாவது கணக்கு: 2014 செப்டம்பர் 1க்குப் பிறகு முதன்முறையாகச் சேர்ந்தவர், சேரும்போதே சம்பளம் 15,000க்கு மேல். இவருக்கு ஓய்வூதியத் திட்டத்தில் இடமில்லை. முதலாளியின் 12% முழுவதும் பி.எஃப். கணக்கிற்கே வர வேண்டும். இப்படிப்பட்டவரின் பாஸ்புக்கில் ஓய்வூதியப் பத்தியில் பணம் ஏறிக்கொண்டிருந்தால் அது தவறான பதிவு. உடனே நிறுவனத்திடம் சொல்லித் திருத்த வேண்டும். பல வருடம் கழித்துப் பணம் எடுக்கப் போகும்போது அந்தப் பதிவு பெரிய இழுபறியாகும்.

ஓய்வூதியத்துக்குப் போன பணம் என்ன தரும்?

அந்த 8.33 சதவீதத்துக்கு வட்டி ஏறுவதில்லை. அது எல்லோருக்குமான பொது நிதியில் சேர்ந்து, பிற்காலத்தில் ஒரு சூத்திரத்தின்படி மாத ஓய்வூதியமாகத் திரும்பி வருகிறது. கடைசி 60 மாதச் சம்பளத்தின் சராசரியைப் பணிக்கால ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். 20 ஆண்டு முடித்தவர்களுக்கு 2 ஆண்டு கூடுதலாகச் சேர்த்துக்கொள்வார்கள். சராசரிச் சம்பளம் 15,000, பணிக்காலம் 30 ஆண்டு என்றால் 15,000 × 32 ÷ 70. மாதம் 6,857 ரூபாய் வரும்.

இதைப் பெறக் குறைந்தது 10 ஆண்டுப் பணிக்காலம் வேண்டும். முழு ஓய்வூதியம் 58 வயதில். 50 வயதிலிருந்தே வாங்கலாம். ஆனால் முந்தும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4% குறையும். குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 செப்டம்பரிலிருந்து 1,000 ரூபாய்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நூற்பாலைகளிலும் தையல் யூனிட்டுகளிலும் சில வருடம் வேலை செய்துவிட்டு, கல்யாணம், பிரசவம் என்று நிற்கும் பெண்கள் பி.எஃப். பணத்தோடு ஓய்வூதியப் பணத்தையும் சேர்த்தே எடுத்துவிடுகிறார்கள். எடுத்த உடனே அதுவரை சேர்ந்த பணிக்காலம் அழிந்துவிடும். பிறகு வேலைக்குப் போனால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். பத்து ஆண்டு முடியாமல் நிற்பவர்கள், ஓய்வூதியப் பணத்தை எடுக்கப் பயன்படும் அதே 10சி படிவத்தில் பணத்துக்குப் பதிலாக ‘திட்டச் சான்றிதழ்’ கேட்டு வாங்கலாம். அது உங்கள் பணிக்காலத்தைக் காப்பாற்றி வைக்கும். பின்னாளில் வேறு ஊரில், வேறு கம்பெனியில் சேர்ந்தாலும் பழைய வருடங்கள் கூடச் சேரும். கையில் வரும் சில ஆயிரங்களுக்காக ஆயுள் முழுக்க வரக்கூடிய ஓய்வூதியத்தை இழப்பது மிகப் பெரிய நஷ்டம்.

வேலை மாறிக் கணக்கை மாற்றும்போது பி.எஃப். தொகை புதிய கணக்கில் வந்து சேரும். ஓய்வூதியப் பத்தியில் பழைய தொகை வராது. பணிக்காலம் மட்டுமே கணக்கில் மாறும். அதைப் பார்த்துப் பணம் காணாமல் போய்விட்டதாக அஞ்ச வேண்டாம்.

அரை சதவீதம் தரும் காப்பு

காப்பீட்டுக்கு முதலாளி கட்டும் அரை சதவீதம் சின்னத் தொகை. 14,000 சம்பளத்துக்கு மாதம் 70 ரூபாய்தான். ஆனால் பணியில் இருக்கும்போது உறுப்பினர் இறந்துபோனால், சராசரி மாதச் சம்பளத்தைப் போல் 35 மடங்கும், பி.எஃப். கணக்கின் சராசரி இருப்பில் பாதியும் (அதிகபட்சம் 1.75 லட்சம்) குடும்பத்துக்குக் கிடைக்கும். மொத்த உச்சவரம்பு 7 லட்சம் ரூபாய். இதற்காகத் தொழிலாளி ஒரு பைசா கட்டத் தேவையில்லை. இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் கேட்காமல் விட்ட குடும்பங்கள் உண்டு. வீட்டில் இருப்பவர்களிடம் இன்றே சொல்லி வையுங்கள். நாமினி பெயரையும் இணையத்தில் பதிந்துவிடுங்கள். கல்யாணத்துக்கு முன் கொடுத்த நாமினேஷன் கல்யாணத்துக்குப் பின் செல்லாது. புதிதாகக் கொடுக்க வேண்டும்.

சம்பளத்தை உடைத்தால் என்ன ஆகும்?

முதலாளி பங்கைக் குறைக்க அதிகம் கையாளப்படும் வழி, சம்பளத்தைப் பல துண்டாக்குவது. 14,000 ரூபாயில் 7,000ஐ ‘பேசிக்’ என்றும் 7,000ஐ ‘ஸ்பெஷல் அலவன்ஸ்’ என்றும் எழுதி, பி.எஃப்.பை 7,000க்கு மட்டும் கட்டுவார்கள். கையில் வரும் பணம் கொஞ்சம் கூடுவதால் தொழிலாளிக்கும் முதலில் அது லாபமாகவே தோன்றும். இழப்பைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலாளி பங்கு மாதம் 1,680இலிருந்து 840 ஆகிறது. வருடத்துக்கு 10,080 ரூபாய் போச்சு. 20 ஆண்டு முடித்தவருக்கு 4,400 ரூபாய் வர வேண்டிய மாத ஓய்வூதியம் 2,200 ஆகிறது. காப்பீட்டில் 35 மடங்கு என்ற பகுதி 4.9 லட்சத்திலிருந்து 2.45 லட்சமாகச் சரிகிறது. சம்பளச் சீட்டில் ஒரு வரியை மாற்றி எழுதியதில் மூன்று பாதுகாப்பும் பாதியாகிவிட்டன.

வீட்டு வாடகைப்படி, ஓவர்டைம், போனஸ், கமிஷன் ஆகியவை பி.எஃப். கணக்கில் சேராது என்பது பழைய சட்டத்திலேயே உண்டு. மற்ற படிகள் விஷயத்தில் 2019 பிப்ரவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியத் தீர்ப்பு தந்தது. எல்லாத் தொழிலாளர்களுக்கும் ஒரே மாதிரி வழக்கமாகக் கொடுக்கப்படும் படி, பெயர் எதுவாக இருந்தாலும், அடிப்படைச் சம்பளத்தின் பகுதியே என்றது. கூடுதல் உழைப்புக்காகக் கொடுத்ததாக நிறுவனம் நிரூபித்தால்தான் அதை விலக்க முடியும். புதிய சட்டத் தொகுப்பு இன்னும் ஒரு படி மேலே போகிறது. விலக்கப்பட்ட படிகள் எல்லாம் சேர்ந்து மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை சம்பளமாகவே கணக்கில் வரும்.

முதலாளி பங்கை உங்களிடமே பிடித்தால்

முதலாளி தன் பங்கைத் தொழிலாளியின் சம்பளத்தில் கழிக்கக் கூடாது என்று பி.எஃப். திட்டம் தெளிவாகச் சொல்கிறது. பி.எஃப். கட்டுவதைக் காரணம் காட்டிச் சம்பளத்தைக் குறைக்கவும் கூடாது. உங்கள் சீட்டில் 12 சதவீதத்துக்குப் பதில் 24 அல்லது 25 சதவீதம் கழித்திருந்தால், அது விதிமீறல்.

சி.டி.சி. முறையில் சம்பளம் பேசும் அலுவலகங்களில் நிலை சற்று வேறு. அங்கே முதலாளி பங்கையும் சேர்த்தே வருடச் சம்பளத்தைச் சொல்வார்கள். எனவே வேலைக் கடிதத்தில் உள்ள பெரிய எண்ணை அப்படியே நம்பிக் குடும்பச் செலவைத் திட்டமிடாதீர்கள். அதில் முதலாளியின் பி.எஃப். பங்கு எவ்வளவு, கிராஜுவிட்டி எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். மீதியை 12ஆல் வகுத்து, அதில் உங்கள் 12 சதவீதத்தைக் கழித்தால் ஏறக்குறையக் கைக்கு வரும் தொகை தெரியும்.

மாதம் ஒருமுறை பார்க்க வேண்டியவை

ஒரு மாதத்துக்கான பணத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் நிறுவனம் கட்டியாக வேண்டும். ஆகவே ஒவ்வொரு மாதமும் 20ஆம் தேதிக்கு மேல் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பி.எஃப். உறுப்பினர் அடையாளமான 12 இலக்க யு.ஏ.என். எண்ணைக் கொண்டு பி.எஃப். இணையதளத்திலோ உமங் செயலியிலோ பாஸ்புக்கைத் திறக்கலாம். ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள், யு.ஏ.என்.னோடு இணைத்த செல்பேசியிலிருந்து 9966044425 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் கடைசியாகக் கட்டிய தொகையும் இருப்பும் குறுஞ்செய்தியாக வரும். அப்போது பார்க்க வேண்டியவை:

1. கடந்த மாதத் தொகை ஏறியிருக்கிறதா?
2. அதில் காட்டிய சம்பளம், சீட்டில் உள்ள பேசிக், அகவிலைப்படியோடு ஒத்துப்போகிறதா?
3. முதலாளி பங்கும் ஓய்வூதியப் பங்கும் கூட்டினால் உங்கள் பங்குக்குச் சமமா?
4. சீட்டில் பிடித்த தொகையும் பாஸ்புக்கில் உள்ள தொகையும் ஒன்றா?
5. உங்கள் பெயர், பிறந்த தேதி, வேலையில் சேர்ந்த தேதி சரியா?

முழு மாதமும் வேலைக்குப் போயிருக்க, கணக்கில் தொகை குறைவாக இருந்தால், உங்கள் வேலை நாட்களைக் குறைத்துக் காட்டியிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். சில பெரிய நிறுவனங்கள் அரசின் அனுமதியோடு சொந்த அறக்கட்டளை வைத்துப் பி.எஃப். நடத்துகின்றன. அங்கே வேலை செய்பவர்கள் அந்த அறக்கட்டளையிடமிருந்தே வருடக் கணக்கைக் கேட்டு வாங்க வேண்டும். அரசு அறிவிக்கும் வட்டிக்குக் குறைவாக அவர்கள் தரக் கூடாது.

கட்டவில்லை என்றால்

முதலில் எச்.ஆர். பிரிவுக்கோ முதலாளிக்கோ எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சுக்குச் சாட்சி இருக்காது. சில சமயம் ஆதார் இணைப்பில் உள்ள பெயர்ப் பிழை போன்ற சிறிய காரணமே தடையாக இருக்கும். கேட்ட அன்றே தீர்ந்துவிடும்.

பதில் வராவிட்டால் பி.எஃப். நிறுவனத்தின் குறைதீர்ப்பு இணையதளத்தில் யு.ஏ.என். எண்ணோடு புகார் பதியலாம். ஒவ்வொரு மாதமும் 27ஆம் தேதி மாவட்டந்தோறும் ‘நிதி ஆப்கே நிகட்’ என்ற பெயரில் குறைதீர்ப்பு முகாம் நடக்கிறது. நேரில் பேச விரும்புபவர்களுக்கு அது நல்ல இடம். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை, அடையாள அட்டை, வருகை அட்டை, இ.எஸ்.ஐ. அட்டை இவற்றின் நகல்களைக் கொண்டுபோங்கள். உங்களுக்கு யு.ஏ.என். எண்ணே தராத நிறுவனத்தில் நீங்கள் வேலை செய்ததை நிரூபிக்க இவைதான் ஆதாரம். பல பேர் சேர்ந்து புகார் கொடுத்தால் அதற்கு வலு அதிகம். தொழிற்சங்கம் இருந்தால் அவர்கள் வழியாகப் போவது இன்னும் நல்லது.

பி.எஃப். அதிகாரிக்கு விசாரணை நடத்தி நிலுவையை நிர்ணயிக்கும் அதிகாரம் உண்டு. தாமதத்துக்கு ஆண்டுக்கு 12% வட்டியும், அதற்கு மேல் இழப்பீட்டுத் தொகையும் முதலாளி கட்ட வேண்டும். 2024 ஜூனில் இந்த இழப்பீடு மாதத்துக்கு 1% என்று நிர்ணயிக்கப்பட்டது. நிலுவைக்காக நிறுவனத்தின் வங்கிக் கணக்கையும் சொத்தையும் முடக்கலாம். உங்கள் சம்பளத்தில் பிடித்த பங்கைக் கட்டாமல் வைத்துக்கொள்வது நம்பிக்கை மோசடிக் குற்றம். அதற்குச் சிறைத் தண்டனை வரை உண்டு. மறுபக்கம், உங்கள் கணக்கில் சேர்ந்த பணத்தை உங்கள் கடனுக்காகக் கடன்காரர் யாரும் ஜப்தி செய்ய முடியாது.

தாமதிக்காமல் கேட்பது முக்கியம். இரண்டு மாத நிலுவையை ஓடிக்கொண்டிருக்கும் கம்பெனியிடம் வசூலிக்கலாம். நான்கு வருட நிலுவையை, ஷட்டரை இறக்கிவிட்டு ஊரைவிட்டுப் போன முதலாளியிடம் வசூலிப்பது மிகவும் கடினம். சட்டம் இருந்தும் பணம் கைக்கு வராமல் போவது பெரும்பாலும் இந்தக் காலதாமதத்தால்தான்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

யு.ஏ.என். எண்ணை எடுத்துப் பாஸ்புக்கைத் திறந்து, கடைசி 12 மாத வரவுகளைச் சம்பளச் சீட்டுகளோடு ஒப்பிடுங்கள். விடுபட்ட மாதங்களைத் தனியே குறியுங்கள். பழைய கம்பெனிக் கணக்குகள் மாறாமல் கிடந்தால் மாற்ற விண்ணப்பியுங்கள். பழைய நிறுவனம் நீங்கள் வேலையை விட்ட தேதியைப் பதியாமல் விட்டிருந்தால், கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதத்துக்குப் பின் அதை நீங்களே இணையத்தில் பதியலாம். நாமினியைச் சரிபாருங்கள். அத்தனைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

பிறகு, உங்களோடு ஒரே ஷிப்டில் வேலை செய்பவர்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். படிக்கத் தெரியாத ஒருவருக்கு அவருடைய பாஸ்புக்கைத் திறந்து காட்டுங்கள். மாதாமாதம் கணக்குப் பார்க்கும் தொழிலாளர்கள் இருக்கும் கம்பெனியில் முதலாளியின் பங்கு தவறுவது அரிது.